ஞாபகத்தை இரத்தத்தில் தேடுமுன்: உடல்நல முகாம் நடத்தும் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்



சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபங்களிலும், தேக்காவை அடுத்த சங்கக் கட்டடங்களிலும், ஈசூனிலிருந்து ஜூரோங் வரையில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களிலும், ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் இலவச உடல்நல முகாம் நடத்தி, பொழுது விடியுமுன்பே வந்து நாற்காலி போட்டு, வெறும் வயிற்றோடு வரும் முதியவர்களுக்கு இரத்தம் எடுத்தபின் இட்டிலியும் காப்பியும் கொடுத்து அனுப்புகிற இந்திய சமூக ஸ்தாபனங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் தொண்டர்களுக்கும் என் வணக்கம் உரியதாகுக.

உங்களுள் ஒரு சங்கத்தின் செயலாளர் அண்மையில் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கிற அதே மேசையில், ஆல்ஸைமர் என்னும் மறதிநோயைப் பல்லாண்டு முன்னதாகவே காட்டிக்கொடுக்கும் என்று பத்திரிகைகள் பேசுகிற புதிய இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துவிட்டால் முதியோருக்குப் பெரும் உபகாரமாக இருக்குமல்லவா என்பது அவர் எண்ணம். நோக்கம் நல்லது, கேட்ட மனமும் நல்ல மனம். வேலைக்காலத்தின் பெரும்பகுதியை ஆய்வுக்கூடத்தில் இரத்தக் குழாய்களுக்கும் சுழற்பொறிகளுக்கும் நடுவே கழித்து ஓய்வு பெற்றவன் நான் என்பதால் அவர் என்னிடம் வந்தார். அவரிடம் சொல்லத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனபடியாலும், அதே கேள்வி நாளைக்கு உங்களில் மற்றவர்களுக்கும் எழப்போவது நிச்சயமாதலாலும், எல்லோருக்கும் பொதுவாக இதனை எழுதத் துணிந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பரிசோதனையை முகாமில் வைக்க வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. அவற்றைச் செய்வதற்கு உங்களைவிடத் தகுதியானவர்கள் இந்நகரில் எவருமில்லை.

பரிசோதனையைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ணிவிடலாகாது. என் தொழிலில் நான் கண்ட அற்புதங்களில் இதற்கு ஈடானது வேறொன்றில்லை என்றே சொல்வேன். 1901ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகர மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்ட அகுஸ்தே டீட்டர் என்னும் ஐம்பத்தோரு வயதுப் பெண்மணியின் விசித்திரமான மறதியைக் கவனித்துக் குறிப்பெடுத்துவந்த அலாய்ஸ் ஆல்ஸைமர் என்ற வைத்தியர், 1906இல் அப்பெண்மணி காலமானபின் அவருடைய மூளையை வருவித்து, மெல்லிய துண்டுகளாகச் சீவிச் சாயமேற்றிப் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோதுதான், நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் அவற்றுக்கு உள்ளே முறுக்கிக் கிடந்த நூற்சிக்கல்களையும் கண்டார். அன்று தொடங்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம், ஒருவருக்கு இருந்தது இந்த நோய்தான் என்று சந்தேகமறச் சொல்ல வேண்டுமானால் அவர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் பெட் எனப்படும் விலையுயர்ந்த படப்பிடிப்பு வந்தது. முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீரெடுத்துச் சோதிக்கும் முறையும் வந்தது. முதலாவது பணம் உள்ளவர்க்கே கைகூடியது. இரண்டாவதற்கு நம் முதியவர்கள் உடன்பட மாட்டார்கள். இன்றோ கையிலிருந்து எடுத்த சில மில்லிலிட்டர் இரத்தம் அந்த இரண்டுக்கும் பதிலாக நிற்கக்கூடிய நிலைமை உருவாகியிருக்கிறது.

அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதையும் சற்றுச் சொல்ல வேண்டும். நரம்பணுவின் நீண்ட கிளைகளுக்குள்ளே பொருள்களைக் கொண்டுசெல்லும் நுண்குழல்கள், பந்தற்கால்களைக் கயிறு பிணைத்து நிறுத்துவதுபோல, டௌ என்னும் ஒரு புரதத்தால் நிலைநிறுத்தப்பட்டிருக்கின்றன. அமிலாய்டு என்ற வேறொரு புரதம் அணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படியத் தொடங்கும்போது, இந்த டௌவின் மேல் வேண்டாத இடங்களில் பாஸ்பேட் ஏறுகிறது, பிடிப்பு நழுவுகிறது, நழுவியதில் ஒரு சிறு பகுதி மூளையிலிருந்து கசிந்து இரத்தத்தில் வந்து கலக்கிறது. புரதச் சங்கிலியின் 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறிய டௌதான் இப்போது வைத்திய உலகம் முழுவதும் பேசுகின்ற பி-டௌ 217. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் இது இருக்கும் அளவோ பெரும்பாலும் ஒரு பிக்கோகிராமுக்கும் குறைவு; அதாவது ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூடத் தேறாது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இவ்வளவு சிறிய அளவை எவரேனும் அளக்கப்போவதாகச் சொல்லியிருந்தால், மேலதிகாரி அவரை விடுப்பில் அனுப்பி வைத்திருப்பார்.

2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், ஃபுஜிரெபியோ நிறுவனத்தின் லுமிபல்ஸ் பரிசோதனைக்கு அனுமதி வழங்கியது. ஆல்ஸைமர் நோயைக் கணிப்பதற்குத் துணையாக அந்நாட்டில் அனுமதி பெற்ற முதல் இரத்தப் பரிசோதனை அதுவே. அது பி-டௌ 217ஐயும் அமிலாய்டையும் அளந்து அவற்றின் விகிதத்தைக் கணக்கிடுகிறது. ஆராய்ச்சியில் 499 பேருடைய இரத்தம் சோதிக்கப்பட்டது. உண்டு என்று பரிசோதனை சொன்னவர்களில் 91.7 சதவீதத்தினருக்குப் படப்பிடிப்பிலோ தண்டுநீரிலோ அமிலாய்டு இருந்தது. இல்லை என்று சொன்னவர்களில் 97.3 சதவீதத்தினருக்கு உண்மையிலேயே இல்லை. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு உண்டென்றும் இல்லையென்றும் சொல்லவொண்ணாத இடைப்பட்ட முடிவு கிடைத்தது. மிகச் சிறந்த எண்கள்தாம். விளம்பரத் தாளோடு உங்களை அணுகுகிறவரும் இந்த எண்களைத்தான் முதலில் காட்டுவார்.

ஆனால் அந்த 499 பேர் யார் என்று நீங்கள் கேட்க வேண்டும். அவர்கள் முகாமுக்கு வந்து வரிசையில் நின்றவர்கள் அல்லர். ஞாபகத்தில் ஏதோ குறை கண்டு ஏற்கெனவே வைத்தியரிடம் போயிருந்தவர்கள். அனுமதியும் அத்தகையோருக்கென்றே, அதுவும் நிபுணர் ஒருவரின் கவனிப்பில் உள்ளவர்களுக்கென்றே வழங்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க ஆல்ஸைமர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டு நெறியும் இதனையே வலியுறுத்துகிறது. குறை ஏதும் தோன்றாத ஒருவரிடம் இதைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்குக் கணிதம் ஒன்றே போதும். உங்கள் முகாமுக்கு அறுபதைத் தாண்டிய, ஞாபகக் குறை எதுவுமில்லாத ஆயிரம் பேர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் சுமார் இருநூறு பேர் மூளையில் அமிலாய்டு படிந்திருக்கக்கூடும். குறையற்றவர்களிடையே ஐம்பது வயதில் பத்தில் ஒருவருக்கும், தொண்ணூறு வயதில் பத்தில் நால்வருக்கு மேலும் அது காணப்படுவதாக 2015இல் பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பரிசோதனை நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகப் பிடிக்கிறது என்றும், இல்லாதவரிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விடுவிக்கிறது என்றும் கொண்டால், 180 பேருக்கு உண்மையாகவும் 80 பேருக்குப் பொய்யாகவும், ஆக 260 பேருக்கு, உண்டு என்ற சீட்டு வீட்டுக்குப் போகும். உண்மையாக உள்ளவர்களில் இருபது பேர் ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு திரும்புவார்கள். உண்மையான 180 பேரிலும் எத்தனையோ பேர் மறதி என்பதையே அறியாமல் வேறு காரணத்தால் நிறைவாழ்வு முடித்துப் போய்விடுவார்கள். திட்டுப் படிந்த மூளையோடு கடைசிவரை கணக்குப் புத்தகம் எழுதி முடித்தவர்கள் உண்டு.

இந்த 260 பேருக்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள்? சர்க்கரை கூடியிருந்தால் வைத்தியரிடம் போங்கள் என்று சொல்கிறீர்கள். அவரிடம் மருந்து இருக்கிறது. ஞாபகக் குறை இன்னும் தோன்றாதவருக்குக் கொடுக்கவென்று அனுமதி பெற்ற மருந்து இதுவரை ஒன்றும் இல்லை. லெகனெமாப் என்ற மருந்து 1,795 பேரிடம் பதினெட்டு மாதம் சோதிக்கப்பட்டு, நலிவின் வேகத்தை 27 சதவீதம் மட்டுப்படுத்தியதாக நிறுவப்பட்டது. அவர்கள் அனைவரும் ஆரம்ப நிலையில் குறை தோன்றிவிட்டவர்கள். அச்சோதனையில் மருந்து இரண்டு வாரத்துக்கொருமுறை இரத்தநாளம் வழியே செலுத்தப்பட்டது; மூளையில் வீக்கமோ கசிவோ உண்டாகிறதா என்று பலமுறை படமெடுத்துப் பார்க்க வேண்டும்; போனதை அது மீட்டுத் தருவதுமில்லை. தகுந்தவருக்குத் தகுந்த காலத்தில் அது பெரிய அனுகூலந்தான். கோயில் மண்டபத்து வரிசைக்கு அது விடையாகாது.

வைத்திய உலகத்திலேயே இது குறித்து ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. 2024இல் அமெரிக்க ஆல்ஸைமர் சங்கத்தின் நிபுணர் குழு, குறை தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் இரத்தத்திலோ மூளைப்படத்திலோ நோயின் குறிகள் இருந்தால் அது நோயே என்று வரையறுத்தது. அதே ஆண்டில் சர்வதேச நிபுணர் குழு ஒன்று அதை மறுத்து, குறியிருந்தும் குறையில்லாதவர் அபாயத்துக்கு உட்பட்டவரேயன்றி நோயாளி அல்லர் என்றது. எனக்கு இரண்டாவது தரப்பே நியாயமாகப் படுகிறது. எப்படியாயினும், குறையில்லாதவர்களை வழக்கமாகச் சோதிக்க வேண்டும் என்று முதல் தரப்பாரும் சொல்லவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். பேராசிரியர்களே நோயாளி என்று எவரைச் சொல்வது என ஒருமுகப்படாத விஷயத்தில், நம் தொண்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்ப்பு வழங்குவது எவ்விதத்திலும் உசிதமாகாது.

நம்மவரைப் பொறுத்தமட்டில் மற்றொரு சிக்கலும் இருக்கிறது. விளம்பரத் தாளில் அது காணப்படாது. இரத்தத்தில் சேர்ந்த பி-டௌவைக் கழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பங்குண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மூளையில் ஒன்றுமில்லாமலேயே அதன் அளவு உயர்ந்து காணப்படலாம். சிங்கப்பூரில் சிறுநீரகம் செயலிழப்பதற்குத் தலையாய காரணம் நீரிழிவு. அந்த நீரிழிவு சீனரைவிட இந்தியரிடையே மிகுதி. அப்படியானால் நம் முகாமில் பொய்ச்சீட்டு பெறுகிறவர்கள், பரிசோதனையின் எண்களைக் கண்டறிந்த அந்நிய தேசத்துக் கூட்டத்தில் இருந்ததைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். எந்த அளவுக்கு மேல் போனால் உண்டு என்று கொள்வது என்ற எல்லைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வமிசத்தவரை வைத்தே வகுக்கப்பட்டவை. நம் தேசத்தில் இந்தக் குறை உணரப்படாமலில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மறதிநோய் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திவரும் நாகேந்திரன் கந்தையா அவர்களும் குழுவினரும், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய பல இனத்தவரை முப்பது வயது முதற்கொண்டே சேர்த்து, இரத்தம், மூளைப்படம், ஞாபகச் சோதனை என்று பல்லாண்டு தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அத்தகைய ஆராய்ச்சியில் பங்குபெற உங்கள் உறுப்பினர்களைத் தூண்டினால் அது நற்காரியம். இந்தியரின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் இந்தியருக்குரிய எல்லையை எவராலும் வகுக்க முடியாது.

குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நான் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவனாவேன். இதற்கு இரத்தம் எடுப்பது ஊதா மூடியிட்ட ஈடிடிஏ குழாயில். எடுத்த உடனே எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கலாகாது. தாமதமின்றிச் சுழற்பொறியிலிட்டு, மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிறத்துப் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து, பாலிபுரொப்பிலீன் குப்பிக்கு மாற்றி உறையவைக்க வேண்டும்; ஏனென்றால் அமிலாய்டு கண்ணாடியிலும் மற்றவகை பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொண்டு, அளக்கும்போது குறைந்து காணப்படும். பந்தலின் வெக்கையில், காப்பி வாளிக்கு அருகில், பகல் பன்னிரண்டு வரையில் பெட்டியில் காத்திருக்கும் குழாய்க்கு இந்த உபசாரமெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது?

இனி, நம்மால் ஆவது என்ன என்பதற்கு வருகிறேன். நம் மனநலக் கழகம் 2013இல் நடத்திய ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மறதிநோய் இருந்ததாகவும், அவர்களில் பத்தில் ஏழு பேருடைய நோய் எந்த வைத்தியராலும் கணிக்கப்படாமலேயே இருந்ததாகவும் தெரியவந்தது. பத்தாண்டு கழித்து மறுபடி நடத்தியபோது நோயுற்றோர் 8.8 சதவீதமாகக் குறைந்திருந்தனர்; கணிக்கப்படாதவர்களும் குறைந்து நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதியாகியிருந்தனர். முன்னேற்றந்தான், மறுக்கவில்லை. ஆயினும் இன்றைக்கும் நோயுற்ற இருவரில் ஒருவர், வீட்டில் எல்லோர் கண்ணெதிரிலும் குறை வளர்ந்துகொண்டிருக்க, வயதானால் அப்படித்தான் என்ற ஒரு சமாதானத்தின் மறைவில் இருந்துவருகிறார். இவரைக் கண்டுபிடிக்கப் பிக்கோகிராம் எதற்கு? பஃபலோ சாலையிலுள்ள காய்கறிக் கடையில் ஒரு மாலை நான் நின்றுகொண்டிருந்தபோது, வெள்ளை வேட்டி உடுத்த பெரியவர் ஒருவர் கறிவேப்பிலை கேட்டார். கடைக்காரர் தராசை விட்டு நிமிர்ந்து, "ஐயா, காலையிலே ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் வாங்கிட்டுப் போனீங்களே, வீட்டிலே இருக்கும்" என்று தணிந்த குரலில் சொல்லி, அவர் மனம் கோணாமல் இருக்க ஒரு கொத்தைச் சும்மாவே கையில் கொடுத்தனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, ஐயாவின் பிள்ளைகளுக்குத் தெரியுமோ தெரியாதோ என்றார். சோதனை அந்தக் கடையிலேயே நடந்து முடிந்துவிட்டது. முடிவைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்ப்பதற்குத்தான் ஆளில்லை.

கொண்டுசேர்த்தபின்னும் ஒரு தடை உண்டு. அண்டை வீட்டு அம்மையார் ஒருவருக்குத் துணையாக, அவருடைய மகளோடு ஞாபகப் பரிசோதனைக்கு நானும் போயிருந்தேன். கேள்வி கேட்டவருக்குத் தமிழ் தெரியாது. அம்மையாருக்கு ஆங்கிலம் தெரியாது. மகளே இடையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். இது எந்த மாதம் என்று கேள்வி வந்தது. மகள் அதைத் தமிழில் சொன்னது இப்படி: "அம்மா, இது என்ன மாசம்? போன வாரந்தானே தீபாவளி முடிஞ்சுது?" அம்மையார் முகம் மலர்ந்து சரியாகச் சொன்னார், ஒரு மதிப்பெண் ஏறியது. மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டபோது, மகளுடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது அம்மையார் என்னைப் பார்த்துச் சிரித்து, "என்ன தம்பி, எனக்குப் பள்ளிக்கூடப் பரிட்சை வைக்கிறாங்க, நான் மூணாங்கிளாஸ்தான்" என்றார். மகள் பொய் சொல்லவில்லை. தாயாரைப் பிறர் முன்னிலையில் தோற்கவிட மனம் வரவில்லை. தாயாரோ தம் குறையைச் சிரிப்பால் மூடுவதில் அதற்குள்ளாகவே தேர்ச்சி பெற்றிருந்தார். இருவரின் அன்பும் சேர்ந்து நோயைக் காப்பாற்றி வீட்டுக்கு அழைத்துவந்தன.

இந்தத் தொல்லைக்கு இந்நாட்டிலேயே ஒரு யுக்தி கண்டுபிடிக்கப்பட்டது. தேசிய நரம்பியல் கழகத்தில் இருந்த காலத்தில், மேற்சொன்ன கந்தையா அவர்களும் சகாக்களும், பல பாஷைகள் வழங்கும் நகரத்துக்கென்றே, படங்களை மட்டும் கொண்டு ஞாபகத்தையும் கவனத்தையும் தீர்மானிக்கும் ஆற்றலையும் அளக்கிற விகேட் என்னும் சோதனையை அமைத்தார்கள். மொழிபெயர்க்கத் தேவையில்லாதபடி அது வகுக்கப்பட்டிருக்கிறது. முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். நம் பெரியவர்களை அழைத்துச் செல்கிற பிள்ளைகள், தாயாருக்கு ஆங்கிலம் வராது, படச்சோதனை கிடைக்குமா என்று கேட்கலாம். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

பி-டௌவுக்கு முன்னால் பார்க்க வேண்டிய வேறு இரத்தச் சோதனைகளும் உள்ளன. பி12 என்னும் வைட்டமின் குறைந்தாலும், தைராய்டு சுரப்பி மந்தமானாலும் ஞாபகம் மங்கும். பார்ப்பவருக்கு மறதிநோய் போலவே தோன்றும். நம்மவரில் மரக்கறி உணவினர் பலர். அவர்களுக்குப் பி12 கிடைக்கும் வழி குறைவு. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொண்டு வருகிறவர்களுக்கும் அது குறைவதுண்டு. சைவ உணவும் மெட்ஃபார்மினும் ஒருசேர உள்ள முதியவர்கள் சிராங்கூன் சாலையின் எந்தக் கோயிலிலும் ஒரு வரிசைக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள் என்பது என் அனுமானம். இந்தச் சோதனைகள் புதுமையானவை அல்ல, அதிகச் செலவுமில்லை. பலதுறை மருந்தகத்து வைத்தியரிடம் கேட்டாலே எழுதிக்கொடுப்பார். மேலும் இவை உண்டு என்று சொன்னால் மருந்தும் உண்டு. தூக்க மாத்திரையும், துணைவர் மறைந்தபின் வரும் மனச்சோர்வும் மறதியாக வேடம் போடக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று நீங்கள் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவந்தது இருதயத்துக்காக என்றுதான் எண்ணியிருப்பீர்கள். மறதிநோய்க்கு மாற்றக்கூடிய காரணங்கள் பதினான்கு என்றும், அவற்றையெல்லாம் ஒழிக்க முடியுமானால் உலகில் சுமார் 45 சதவீத நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றும் 2024இல் லான்செட் பத்திரிகையின் நிபுணர் குழு அறிவித்தது. அந்தப் பதினான்கில் நீங்கள் சோதிக்கும் மூன்றும் அடக்கம். ஆகவே உங்கள் முகாம் பெயர் சூட்டாமலேயே மறதிநோய்த் தடுப்பு முகாமாக நடந்துவந்திருக்கிறது. அதே பட்டியலில் காது கேளாமையும், கண்பார்வைக் குறைவும், தனிமையும் இருக்கின்றன. புதிதாகச் சேர்ப்பதற்கு ஒரு மேசை இருக்குமானால், காது சோதிக்கிறவரை அங்கே உட்கார வையுங்கள். காதுக்கருவி வாங்கிக் கொடுத்தும் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டு, கோயிலில் கூட்டத்துக்கு நடுவே தனித்து உட்கார்ந்திருக்கும் முதியவர்களிடம் அதை எடுத்து மாட்டுங்கள் என்று உரிமையோடு சொல்ல, பெற்ற பிள்ளைகளைவிடச் சங்கத்துத் தம்பிமார்களால்தான் முடிகிறது.

சட்ட விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். நம் மனத்திறன் சட்டம் 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, அறிவு தெளிவாக இருக்கையிலேயே, பின்னால் என்னால் முடியாமற் போனால் என் நலனையும் பணத்தையும் இன்னார் பார்த்துக்கொள்வார் என்று எல்பிஏ என்னும் நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதிப் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதியலாம். தகுதி பெற்ற வைத்தியரோ, மனநல மருத்துவரோ, வழக்கறிஞரோ சான்றளிக்க வேண்டும். தெளிவு போனபின் இதை எழுத முடியாது. அப்போது பிள்ளைகள் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டிவரும். இரத்தத்தில் எதையும் தேடாமலே, இன்றைக்கே எல்லோரும் செய்துகொள்ளக்கூடிய முன்னேற்பாடு இது. மாறாக, முகாமில் கிடைத்த ஒரு சீட்டு வேண்டாத இடத்துக்கும் போகக்கூடும். 2021இல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துகொண்ட உடன்பாடு, மரபணுச் சோதனையின் முடிவைக் காப்புறுதி நிறுவனங்கள் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பி-டௌ 217 புரதச் சோதனை. மரபணுச் சோதனை அன்று. ஐம்பது வயதில் ஆர்வத்தால் சோதித்துக்கொண்ட ஒருவர், பின்னர் காப்புறுதி விண்ணப்பத்தில் அதை எழுத நேருமா என்பதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். முகாமில் அதை யார் அவருக்கு எடுத்துச் சொல்வது?

ஆதலால் செயலாளர் அன்பரிடம் நான் சொன்னதையே உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முகாமில் இரத்தம் எடுக்கிற இடத்துக்குச் சற்று ஒதுங்கிய மூலையில் ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் போடுங்கள். தமிழ் நன்கறிந்த, பொறுமையுள்ள ஒருவரை அங்கே அமர்த்துங்கள். பெரியவர் இட்டிலி சாப்பிடும் நேரத்தில், கூட வந்த மகனையோ மருமகளையோ இல்லப் பணிப்பெண்ணையோ தனியே அழைத்து, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா, பழகிய வழியில் திகைத்து நின்றாரா, பணம் எண்ணுவதில் தடுமாறுகிறாரா, அடுப்பை அணைக்க மறந்தாரா, சென்ற ஆண்டு செய்துவந்த எந்தக் காரியத்தை இந்த ஆண்டு கைவிட்டார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் உண்மை பெரும்பாலும் அங்கேதான் வெளிவரும். பணிப்பெண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். நாள் முழுதும் உடனிருப்பவர் அவர். ஐயம் எழுந்தால், கேட்டறிந்ததை ஒரு தாளில் எழுதி, உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயரையும் சேர்த்து, குடும்ப வைத்தியரிடம் காட்டும்படி கொடுத்தனுப்புங்கள். பரிசோதனை நாளன்று மகளுக்குப் பதிலாக மொழிபெயர்க்கச் சங்கத்திலிருந்து ஒரு தொண்டர் கூடப் போகட்டும். 1990இல் ஆல்ஸைமர் நோய்ச் சங்கம் என்று தொடங்கி 2021இல் டிமென்ஷியா சிங்கப்பூர் எனப் பெயர் மாறிய ஸ்தாபனத்தார், பராமரிப்போருக்குப் பயிற்சியும் ஆலோசனையும் கொடுத்துவருகிறார்கள். அவர்களை அழைத்து உங்கள் தொண்டர்களுக்கு ஒரு நாள் கற்பிக்கச் சொல்லுங்கள். இந்தப் பாதையில் சென்ற ஒருவருக்கு நிபுணர் இறுதியில் பி-டௌ சோதனை எழுதிக்கொடுப்பாரானால், தயங்காமல் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அந்த இடத்தில், அந்தக் கேள்விக்கு, அதைவிட நல்ல பரிசோதனை கிடைப்பது அரிது.

அந்த மேசையில் உட்காருவதற்கு ஆள் கிடைக்காத சங்கத்தார் எனக்குச் சொல்லி அனுப்பினால், தேக்காவைச் சுற்றிய எந்த மண்டபமானாலும் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பன்,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியன்,
சிங்கப்பூர்